இருபத்திரண்டு மில்லிமீட்டர் பிழை

இந்த அறையின் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்னால் ஓடுகிறது. உள்ளே வந்து உட்கார்ந்ததுமே கவனித்துவிட்டேன். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். வாக்குமூலத்தின் தலைப்பில் நேரம் எழுத வேண்டும் என்று உங்கள் எழுத்தர் சுவரைப் பார்த்துப் பத்து ஐந்து என்று எழுதினார். நான் அதை அடித்துப் பத்து ஒன்பது என்று திருத்தினேன். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அப்ப நீங்களே எழுதுங்க தாத்தா" என்று பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். அதனால் இதை நானே எழுதுகிறேன். ஒரு வகையில் நல்லதுதான். அவர் எழுதியிருந்தால் எண்களைத் தப்புத் தப்பாக எழுதியிருப்பார்.

என் பெயர் அபெலார்டு. மரியாதைக்குச் 'சேயு' சேர்த்துக் கூப்பிடுவார்கள். வயது எழுபத்தொன்று. மாநில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் சோதனையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பேக்கரித் தராசு, பெட்ரோல் பங்கு, டாக்ஸி மீட்டர், கடைசிப் பன்னிரண்டு வருடம் ஆஸ்பத்திரிகளில் பிரஷர் பார்க்கும் கருவிகள். இத்தனை வருடத்தில் நான் பார்த்த மனிதர்கள் யாருக்கும் அளவு தேவைப்படவில்லை. ஆறுதல்தான் தேவைப்பட்டது. ரொட்டியில் ஐம்பது கிராம் குறைந்தால் ஊரைக் கூட்டுகிற அதே ஆள், வீட்டு எடைமேடை நாலு கிலோ குறைத்துக் காட்டினால் அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்வான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் டோனா ஜாசிரா என்ற அறுபத்தொன்பது வயதுப் பெண் எங்கள் சாந்தா ஹிட்டா முதியோர் நடன மன்றத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது விழுந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். மன்றத்துக்குப் பிரஷர் மெஷினை ஆன்லைனில் விற்ற ரோசிலேனி என்ற பெண்ணை நீங்கள் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். உங்கள் அறிக்கையில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். ரோசிலேனி மேல் இரக்கப்பட்டு வந்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரே கையால் முடி நேராக்கும் கருவியும், செல்போன் உறையும், பிரஷர் மெஷினும் விற்கிறவள் அவள். விளம்பரத்தில் 'ஆஸ்பத்திரித் துல்லியம்' என்று போட்டிருந்தாள். அந்த இரண்டு சொல்லில் எதற்கும் அவளுக்குப் பொருள் தெரியாது.

முறையாகச் சொல்கிறேன்.

மன்றம் வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சாந்தா ஹிட்டா தேவாலயத்தின் பின்கூடத்தில் கூடும். அக்கார்டியன், மத்தளம், முக்கோண மணி, ஃபொஹோ என்ற ஜோடி ஆட்டம். அறுபதுக்கு மேற்பட்ட நாற்பது நாற்பத்தைந்து பேர் இருபது வயதுப் பிள்ளைகளைப் போல ஒட்டிக்கொண்டு ஆடுவார்கள். பார்க்க நன்றாக இருக்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருவர் மயங்கி விழுந்ததால் ஒரு விதி வந்தது. வாசலிலேயே பிரஷர் பார்க்க வேண்டும். பதினாறுக்குப் பத்து, அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, சீஸ் உருண்டை தின்றுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் ஊரில் பிரஷரை முழு எண்ணாக யாரும் சொல்வதில்லை என்பது உங்களுக்கே தெரியும். நூற்று இருபத்தெட்டுக்கு எண்பத்து மூன்று என்றால் 'பன்னிரண்டுக்கு எட்டு' என்பார்கள். கடைசி எண்ணை விழுங்கிவிடுவார்கள். நூற்று முப்பத்தொன்பதும் இவர்களுக்குப் பதின்மூன்றுதான். இது எனக்கு எப்போதும் அருவருப்பாக இருந்தது. ஆனால் விதியை எழுதியவர்களும் இவர்களேதான், ஆகவே விதியும் அந்தக் கணக்கிலேயே ஓடியது.

வாசல் மேசை எனக்குக் கொடுக்கப்பட்டது. என்னிடம் சொந்தமாக ஒரு முள் கருவி இருந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தார் பரிசாகக் கொடுத்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. வாரா வாரம் அளவை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மாதம் ஒரு தடவை அந்த அட்டையை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போவார்கள். அங்கே டாக்டருக்கு ஆளுக்கு ஆறு நிமிடம்தான். அவர் என் அட்டையைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். 'சேயு அபெலார்டின் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது' என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஒன்றரை வருடம் இப்படி நடந்தது. பெஞ்சு எப்போதும் நிறைந்திருந்தது. அதற்கு 'அபெலார்டு பெஞ்சு' என்று பெயர் வைத்தார்கள். மன்றத் தலைவர் ஜெனேசியுவே மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை அங்கேதான் உட்கார்ந்திருப்பார். முன்னாள் பஸ் கண்டக்டர். தொண்டை பெரிது. அங்கே உட்கார்ந்தபடி தன் செல்போனில் தேடித்தான் அந்த மெஷினை வாங்கினார்.

அது வந்த அன்று என் மேசையில் வைத்து, எல்லாரும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "சேயு அபெலார்டு, இதைப் பாருங்க. ரெண்டாயிரத்து முந்நூறு பேர் நட்சத்திரம் போட்டிருக்காங்க. உங்க டப்பாவுக்கு யார் போட்டா?"

அந்த நட்சத்திரங்களை நான் வீட்டுக்குப் போய்ப் பொறுமையாகப் படித்தேன். 'சீக்கிரம் வந்தது, அழகான நிறம்.' 'அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது.' 'பெட்டி கசங்கியிருந்தது, ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.' ஒரு பெண், தன் மாமியாருக்கு எப்போதும் நல்ல அளவே காட்டுவதாகவும் அதனால் வீட்டில் நிம்மதி வந்திருப்பதாகவும் எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தாள். பாதரசக் குழாயோடு ஒத்துப் பார்த்தேன் என்று ஒரு ஜீவன் எழுதவில்லை. படத்தில் அளவைத் துறையின் முத்திரையும் இல்லை.

நான் ஒத்துப் பார்த்தேன். என் கருவியில் நூற்று அறுபத்தாறு வந்தவருக்கு அதில் நூற்று நாற்பத்து நான்கு. பத்துப் பேரிடம் பார்த்தேன். வித்தியாசம் ஒன்றே. அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த மெஷின் பாதரசக் கணக்கில் இருபத்திரண்டு மில்லிமீட்டர் குறைத்துக் காட்டுகிறது, இது ஆளைக் கொல்லும் என்று சொன்னேன்.

"இருபத்திரெண்டு மில்லிமீட்டர்னா எவ்வளவு சேயு அபெலார்டு, என் சுண்டுவிரல் நகம் அளவு இருக்குமா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். கூடமே சிரித்தது.

டோனா ஜாசிராவை அங்கேதான் முதலில் சரியாகக் கவனித்தேன். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைத்து ஓய்வு பெற்றவள். விதவை. குள்ளம். எந்தப் பாட்டுக்கும் முதலில் எழுந்திருக்கிறவள். அவள் கையைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்: "உங்க டப்பாவை நம்பினா என் காலு சுவரோரமே வேர் விட்டுடும் சேயு அபெலார்டு. இது ஆட விடுது. எனக்கு இது போதும்."

மறுபடியும் சிரித்தார்கள். பிறகு ஓட்டு எடுத்தார்கள். ஒரு கருவி சரியா தவறா என்று கை தூக்கி ஓட்டு எடுத்தார்கள், மேடம். மெஷினுக்கு நாற்பத்தொன்று. எனக்கு இரண்டு. அதில் ஒன்று நான். இன்னொருவர் காப்பி டம்ளரை மாற்றுவதற்குத்தான் ஓட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஜெனேசியு பெரிய மனது பண்ணி, அடுத்த மாதம் சுகாதார நிலைய நர்ஸை வரச் சொல்லி எல்லார் முன்னாலும் ஒத்துப் பார்க்கலாம் என்றார். "நீங்க சொன்னது சரின்னா நான் துடைப்பக்கட்டையைக் கட்டிப்பிடிச்சு ஒரு பாட்டு முழுக்க ஆடுறேன்" என்றார்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஜாசிரா ஒரு துண்டு சோளமாவு கேக்கைத் தாளில் சுற்றி என் கையில் கொடுத்தாள். "மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க. வயித்துக்குக் கோவம் ஆகாது." வாங்கிக்கொண்டேன். நன்றாக இருந்தது.

நர்ஸ் வருவதற்குள் கையில் ஒரு சான்றிதழ் இருக்கட்டும் என்று இரண்டு கருவிகளையும் எடுத்துக்கொண்டு என் பழைய அலுவலகத்தின் சோதனைக்கூடத்துக்குப் போனேன். லாயெர்சியு என்ற பையன் இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிறான். நான் பயிற்றுவித்தவன். நாற்பது வயதாகிவிட்டது, எனக்கு இன்னும் பையன்தான். பாதரசக் குழாயில் முதலில் மெஷினை மாட்டினான். பிறகு என் முள் கருவியை மாட்டினான். பிறகு மறுபடியும் என் கருவியை மாட்டினான். அவன் என்னைப் பார்க்காமல் பேசினான்.

"சேயு அபெலார்டு, மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு ரெண்டுதான் முன்ன பின்ன. உங்களுதுதான் இருபத்திரெண்டு கூடக் காட்டுது. எங்கயாவது விழுந்துச்சா?"

விழுந்திருந்தது. இரண்டு வருடம் முன்பு கார்னிவல் வாரத்தில் அலமாரி மேலிருந்து விழுந்தது. அந்த வகைக் கருவியில் முள் சுழியத்துக்குக் கீழே போகாமல் இருக்க ஒரு சின்னத் தடுப்பு உண்டு. உள்ளே எவ்வளவு கெட்டிருந்தாலும் பார்வைக்கு முள் சுழியத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும். வேலையில் இருந்தபோது அந்த வகையை நான் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் நிராகரித்திருக்கிறேன். வருடம் ஒரு தடவை சோதிக்காவிட்டால் முத்திரை செல்லாது. என் கருவியின் முத்திரை ஆறு வருடப் பழசு. ஊர்க் கருவிகளையெல்லாம் சோதித்தவனுடைய கருவியை யார் சோதிப்பது என்று இருந்துவிட்டேன்.

"பேப்பர் போட்டுத் தரட்டுமா?" என்றான் லாயெர்சியு.

வேண்டாம் என்றேன்.

நீங்கள் கேட்கலாம், அடுத்த வியாழக்கிழமை போய் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று. யோசித்தேன். ஒன்றரை வருடம் அந்தப் பெஞ்சில் நான் உட்கார வைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆடியிருக்க வேண்டியவர்கள். அதில் இரண்டு பேர் இடையில் வேறு நோயில் இறந்தும் போயிருந்தார்கள். கடைசி வியாழக்கிழமைகளை என் பேச்சைக் கேட்டுச் சுவரைப் பார்த்துக் கழித்தவர்கள். தேவையில்லாத மாத்திரை எத்தனை பேருக்குக் கூடியது என்று கணக்கில்லை. இதையெல்லாம் அந்தக் கூட்டத்தின் முன்னால், ஜெனேசியு துடைப்பக்கட்டையோடு நிற்க, நான் சொல்ல வேண்டும். அவர்கள் திட்டியிருந்தால் பரவாயில்லை. சிரித்திருப்பார்கள்.

நான் நிதானமாகப் பார்த்தேன். இருபத்திரண்டு மில்லிமீட்டர் பிழை ஒன்று இருப்பது உண்மை. அது என் கருவியில் இருக்கிறது. நான் சொன்ன இடத்தில் இல்லை. அவ்வளவுதான் விஷயம். பிழையை இடம் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும். நர்ஸ் வந்து தன் கருவியில் ஒழுங்காக அளக்கிறபோது, அட்டையில் இருப்பதற்கும் அவள் எண்ணுக்கும் இருபத்திரண்டு வித்தியாசம் வரும். மெஷினைத் தூக்கி எறிவார்கள். நான் புதிதாக ஒரு நல்ல கருவி வாங்கிக்கொள்வேன். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

மெஷினைத் திறக்கவில்லை. அதெல்லாம் கைத்திறன் இல்லாதவர்கள் செய்வது. கை இதயத்தின் உயரத்துக்கு மேலே போனால் அளவு இறங்கும். இது எந்த நர்ஸுக்கும் தெரியும். கைப்பட்டை கைக்குப் பெரிதாக இருந்தாலும் இறங்கும். பெட்டியில் இரண்டு பட்டை வந்திருந்தது, நான் பெரியதைப் போட்டேன். நாற்காலியை மாற்றித் தாழ்வான ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன். மேசை மேல் கை வைத்துக்கொள்ள ஒரு தடித்த தலையணை தைத்தேன். ஒரு வாரம் என் கையிலேயே சோதித்துச் சோதித்துப் பஞ்சைக் கூட்டிக் குறைத்தேன். மூன்றும் சேர்ந்து இருபத்திரண்டு வந்தது. ஆளுக்கு ஆள் கை பருமனைப் பார்த்துத் தலையணையைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவேன், வெளியே இழுப்பேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சுத்தமான வேலை அது. அதைப் பாராட்டத் தெரிந்தவர்கள் அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை.

தலையணையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். "பாருங்க, சேயு அபெலார்டு எவ்வளவு மாறிட்டாரு, கைக்கு மெத்தை எல்லாம் போடுறாரு" என்று ஜாசிரா சொன்னாள். அடுத்த வாரம் அதற்கு ஒரு உறை தைத்துக்கொண்டு வந்தாள். மூலையில் ஒரு மஞ்சள் பூ. பெஞ்சு காலியானது. எல்லாரும் பன்னிரண்டுக்கு எட்டு, பதின்மூன்றுக்கு எட்டு. ஒருவரும் இந்த முன்னேற்றம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. நல்ல எண் வந்தால் மனிதன் கேள்வி கேட்பதில்லை.

அட்டையில் நான் பொய் எழுதவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். மெஷின் காட்டியதைத்தான் எழுதினேன். ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை.

நர்ஸ் அடுத்த மாதம் வரவில்லை. டெங்குக் காய்ச்சல் ஊரையே படுக்க வைத்தது. சுகாதார நிலையத்தில் நிற்க இடமில்லை. 'அடுத்த மாசம் வரேன்' என்று சொல்லிச் சொல்லி ஐந்து மாதம் போயிற்று. இந்தத் தாமதத்துக்கு நான் பொறுப்பல்ல. என் திட்டம் நான்கு வாரத்துக்குத்தான்.

இந்த ஐந்து மாதத்தில் ஜாசிராவின் அட்டை பதினாறிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கியிருப்பதைச் சுகாதார நிலைய டாக்டர் பார்த்தார். மாத்திரையால் கால் வீங்குகிறது, ஆட்டச் செருப்பு ஏறமாட்டேன் என்கிறது என்று அவள் வெகுநாளாகச் சொல்லிவந்தாள். அவர் முதலில் மாத்திரையைப் பாதியாக்கினார். பிறகும் அட்டை நன்றாக இருந்ததால் சாயங்கால மாத்திரையை நிறுத்தினார். வீக்கம் வடிந்தது. சிவப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு என் மேசை முன்னால் வந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். "எல்லாம் உங்க மெத்தையோட ராசி" என்றாள்.

ஒரு வியாழக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வந்தாள். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"சேயு அபெலார்டு, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. அன்னைக்குச் சபையில இது குறைச்சுக் காட்டுதுன்னு சொன்னீங்களே. இன்னும் அப்படித்தான் நினைக்கிறீங்களா? காலைல எந்திரிச்சா பின்மண்டை கனக்குது. கண்ணு முன்னால பூச்சி பறக்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் மறுபடியும் முழு மாத்திரைக்குப் போயிடுறேன். கால் வீங்கினா வீங்கிட்டுப் போகுது. வெறுங்காலோட ஆடுறேன்."

நான் சொன்னது இதுதான்: "சபை முடிவு பண்ணியாச்சு டோனா ஜாசிரா. நாப்பத்தோரு பேர் சொன்னதுக்கு மேல நான் யாரு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "இன்னும் அதையே புடிச்சுத் தொங்கிட்டு இருக்கீங்களா? சரி விடுங்க. நான் கேக்கவே இல்லைன்னு வச்சுக்கோங்க." என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

எழுத உட்காரும் முன் நான் வாயால் சொன்னபோது, இதைப் பற்றி நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். 'ஆமாம், குறைத்துத்தான் காட்டுகிறது' என்று நான் சொல்லியிருந்தால் என் பேச்சுக்கும் பங்கமில்லை, அவளும் பிழைத்திருப்பாள். உண்மைதான். ஆனால் என் வார்த்தையை அவர்களுக்குச் சபையில் கொடுத்தேன். அதை ஓட்டுக்கு விட்டுச் சிரித்தார்கள். அவளும் கை தூக்கினாள். கையைத் தூக்கியவளுக்குத் தனியாக வந்து கேட்கும்போது மட்டும் அதே வார்த்தையை நான் ஏன் மறுபடி கொடுக்க வேண்டும்? எனக்கு இப்போது எண் தேவைப்பட்டது. வேறு ஒருவர் வாயிலிருந்து, எல்லார் முன்னாலும் வருகிற எண்.

அவள் விழுந்த வியாழக்கிழமை பற்றி உங்களிடம் முப்பது பேர் சொல்லியிருப்பார்கள். மூன்றாவது பாட்டு. ஜெனேசியுவோடு ஆடிக்கொண்டிருந்தாள். நடுவில் நின்றாள், நெற்றியைப் பிடித்தாள், அவர் தோளில் சாய்ந்து அப்படியே இறங்கினாள். "இறங்கிப்போச்சு, பிரஷர் இறங்கிப்போச்சு" என்று நாலு பேர் கத்தினார்கள். வாசலில் பதினைந்துக்கு ஒன்பது, அதனால் ஏறியிருக்காது, ஆடி ஆடி இறங்கிவிட்டது. இதுதான் அவர்களுடைய கணக்கு. எங்கள் ஆட்கள் இதற்கு என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உப்பு. சமையலறையிலிருந்து உப்பு டப்பா ஓடி வந்தது. நாக்குக்கு அடியில் வைத்தார்கள். ஒருத்தி வைத்தது போதாதென்று இன்னொருத்தி வைத்தாள். "முழுங்கிடு கண்ணு, சரியாயிடும்" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே வைத்தார்கள்.

உப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

ஜெனேசியு மெஷினை எடுத்துக்கொண்டு ஓடினார். தரையில் படுத்திருப்பவளுக்குத் தலையணை இல்லாமல் போட்டால் உள்ளதைக் காட்டிவிடும். நான் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, விழுந்தவருக்கு உடனே அளவு எடுக்கக் கூடாது, தப்பாகக் காட்டும் என்றேன். கேட்டுக்கொண்டார். அளவைப் பற்றி அவர் என் பேச்சைக் கேட்டது அதுவே முதல் தடவை. ஆம்புலன்ஸ் இருபத்தாறு நிமிடத்தில் வந்தது. அவர்கள் கருவியில் இருபத்தொன்றுக்குப் பன்னிரண்டு.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கே எதிர்பாராதது. அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் ஜெனேசியு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். அழுதார். "நீங்க அன்னைக்கே சொன்னீங்க. ஆளைக் கொல்லும்னு சொன்னீங்க. நான்தான் சிரிச்சேன். என்னை என்ன வேணா பண்ணுங்க சேயு அபெலார்டு." உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். அடுத்த சபையில் அவர் விலகினார். என்னைத் தலைவராக்கினார்கள். அதற்கும் கை தூக்கி ஓட்டுத்தான், ஒரு கைகூட எதிராக எழவில்லை. நான் எழுந்து நின்றபோது ஒருவரும் சிரிக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

பிறகு அவர்கள் உங்களிடம் புகார் கொடுத்தார்கள். நீங்கள் ரோசிலேனியைப் பிடித்தீர்கள். உங்கள் அறிக்கையின் நகலை மன்றத்துக்கு அனுப்பினீர்கள். அதில் ஐந்தாவது வரி: 'நிபுணர் அபெலார்டு அவர்களின் கூற்றுப்படி, கருவி சுமார் இருபத்திரண்டு மில்லிமீட்டர் குறைத்துக் காட்டும் பழுதுடையது.' இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. யார் சோதித்தார்கள்? எந்தக் குழாயில்? ஒருத்தி செத்துப்போனாள், கூட்டம் கத்தியது, நீங்கள் 'பழுது' என்று எழுதிவிட்டீர்கள். நாற்பத்தொரு பேர் கை தூக்கியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சோதிக்காமல் எழுதிய எண்ணுக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. முப்பத்தொரு வருடத்தில் அப்படி ஒரு தாளில் என் பெயர் வந்ததில்லை. 'சுமார்' என்ற சொல்லையும் நான் எங்கும் பயன்படுத்தியதில்லை.

நேற்று லாயெர்சியு தொலைபேசியில் கூப்பிட்டான். நீங்கள் அந்த மெஷினைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறீர்களாம். "சேயு அபெலார்டு, இது நாம அன்னைக்குப் பாத்த அதே மெஷின்தானே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டான். நான் இன்று காலை இங்கே வந்ததற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆகவே திருத்தம் இது. கருவியில் பழுது இல்லை. அதன் பிழை ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர், அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு உள்ளே. ரோசிலேனியை விட்டுவிடலாம். முடி நேராக்கும் கருவியை அவள் எப்படி விற்கிறாள் என்று நீங்கள் பார்ப்பது வேறு விஷயம்.

கடைசியாக நீங்கள் கேட்டது, அந்த வியாழக்கிழமை ஜாசிராவின் உண்மையான அளவு எனக்குத் தெரியுமா என்பது.

தெரியும். மற்றவர்களை ஒரு தடவைதான் அளப்பேன். அவளை ஒவ்வொரு வாரமும் இரண்டு தடவை அளந்தேன். அவள் சீக்கிரம் வந்துவிடுவாள், ஆடாமல் அசையாமல் உட்காருவாள், ஏன் என்று கேட்கமாட்டாள். மெஷின் முதலில் கொஞ்சம் சூடாகட்டும் என்று சொல்லி, சரியான பட்டையோடு, சரியான உயரத்தில், தலையணை இல்லாமல் ஒரு தடவை. அதை அட்டையில் எழுதமாட்டேன். உண்மையான எண் தெரியாமல் பிழையை எப்படிச் சரிபார்ப்பது? அன்று அது நூற்று எண்பத்தொன்றுக்கு நூற்று நான்கு. பிறகு பட்டையை மாற்றினேன், நாற்காலியை மாற்றினேன், மஞ்சள் பூவை மேலே இருக்கும்படி தலையணையை வைத்தேன். நூற்று ஐம்பத்தொன்பதுக்குத் தொண்ணூற்று மூன்று. இவர்கள் கணக்கில் பதினைந்துக்கு ஒன்பது, விதிக்கு உட்பட்டது. "என்ன, ஆடலாமா?" என்று கேட்டாள். "தாராளமா ஆடுங்க டோனா ஜாசிரா" என்றேன். நூற்று எண்பத்தொன்றில் நூற்று ஐம்பத்தொன்பது போனால் சரியாக இருபத்திரண்டு. ஐந்து மாதத்தில் ஒரு வாரம்கூட அது பிசகவில்லை. இதையும் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.